பரலோக மந்திரத்தில் நான் நின்ற இடம்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்த காலையில் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. நான் பேசினேன், அவர் பதில் சொல்லவில்லை. அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

கோபம் என்று நினைக்கக் காரணம் இருந்தது. தவக்காலம் முடிய இரண்டு வாரம் இருந்தது. திருச்சியில் இருக்கும் என் அக்காவின் வீட்டுக்காரர் அதற்கு முந்தைய ஐப்பசியில் இறந்துபோனார். அவர் இல்லாத முதல் ஈஸ்டர். "நீங்க ரெண்டு பேரும் வந்து என்னோட இருங்க" என்று அக்கா போனில் கேட்டிருந்தாள். நானும் வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் என் கணவர் பங்குத்தந்தையிடம் ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவு வாசகத்துக்கு வழக்கம்போல ஒப்புக்கொண்டு வந்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கள் பங்கில் அவர் குரல் பிரசித்தம். முப்பத்து மூன்று வருடம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். விளக்கெல்லாம் அணைத்த கோயிலில் ஒரே ஒரு மெழுகுதிரி வெளிச்சத்தில் அவர் படைப்பின் வாசகத்தைப் படித்தால் கைக்குழந்தைகூட அழாது என்பார்கள். அவருக்கும் அது தெரியும். வாரா வாரம் சனிக்கிழமை மாலையில் ஞாயிறு வாசகத்தை நின்றுகொண்டே நாலு முறை சத்தமாகப் படித்துப் பார்ப்பார். அடுப்படியில் இருக்கும் எனக்கே மனப்பாடம் ஆகிவிடும்.

அதற்கு முந்தின நாள் இரவு சாப்பிடும்போது வாக்குவாதம் முற்றியது. "கோயில் வேலையை எப்படி விட முடியும்?" என்றார். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஒரு வருஷம் உங்க குரல் கேக்கலைன்னா ஆண்டவர் உயிர்க்க மாட்டாரா?"

அவர் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனார். அவருக்குக் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். பேச மாட்டார், அவ்வளவுதான். ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அது எனக்குப் பழகிப்போயிருந்தது.

மறுநாள் காலையில் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "டிபன் மேசை மேல இருக்கு, மாத்திரை போட்டுக்கங்க" என்றேன். பதில் இல்லை. என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். டம்ளரை இடது கையால் வாங்கினார். வலது கை மடியில் கிடந்தது. நான் அதைக் கவனித்தேன். கவனித்தேன் என்பதுதான் விஷயம். "சரி, பேசாதீங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன். அப்போது மணி ஏழேமுக்கால்.

மந்தைவெளியில் எங்களுடையது கீழ்ப்போர்ஷன். மாடியில் வீட்டுக்கார மாமா மாமி. வாரத்தில் இரண்டு நாள் ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து ஒரு அம்மா மீன் கொண்டுவருவார். என் வயதுதான் இருக்கும். அலுமினிய அன்னக்கூடையோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, தெருத் தெருவாகப் போய், எங்கள் வீட்டுக்குக் கடைசியாக வருவார். அன்று அவர் வந்தபோது பன்னிரண்டரை ஆகிவிட்டது. கதவைத் தட்டியிருக்கிறார். பதில் இல்லை. தள்ளிப் பார்த்தால் திறந்துகொண்டது. என் கணவர் கூடத்துத் தரையில் கண் திறந்தபடி கிடந்தார்.

அந்த அம்மா போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து மாமி ஓடிவந்தார். ஆம்புலன்ஸுக்குச் சொன்னது மாமி. அதில் ஏறியது மீன்கார அம்மா. மாமாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி ஒரு வாரம்தான் ஆகியிருந்ததால் மாமி அவரை விட்டுவிட்டு நகர முடியவில்லை. அன்னக்கூடையை எங்கள் வாசலில் வைத்துவிட்டு, ஈரப் புடவையோடு அந்த அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். எனக்குத் தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது, அவசரப் பிரிவு வாசலில் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் மீன் வாடைக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்கள்.

"உள்ள கீறாரும்மா. உசுருக்கு ஒண்ணும் இல்லன்னாங்க. யாரு நீன்னு கேட்டாங்கோ, தங்கச்சின்னு சொல்லிட்டேன். இல்லாங்காட்டி உள்ள வுடமாட்டாங்களே" என்றார்.

உள்ளே ஒரு இளம் டாக்டர், படிவம் ஒன்றை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "கடைசியா அவர் நார்மலா இருந்ததை எப்போ பாத்தீங்க?"

நான் ஒரு நொடி யோசித்தேன். "காலைல நான் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது. ஏழேமுக்கால். நல்லாத்தான் இருந்தார்."

அது பொய். நல்லா இருந்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் நிற்கவில்லை. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் சில மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன் என்றும், அந்த நேரம் தாண்டிவிட்டது என்றும் சொன்னார். என் பொய்க் கணக்கின்படியே தாண்டிவிட்டது. ஆகவே என் பொய் அவருடைய சிகிச்சையில் எதையும் மாற்றவில்லை. ஆனால் பொய் பொய்தான். ஒரு படிவத்தில் நீல மையில் அது ஏறிவிட்டது.

பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். புனேயில் வேலை பார்க்கும் மகள் வந்து கூட இருந்தாள். வலது காலில் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் வந்தது. வலது கை வரவில்லை. பேச்சு அறவே போய்விட்டது. தண்ணீர் வேண்டும் என்றால் அவர் வாயிலிருந்து வேறு ஏதோ ஓசை வரும். அது தண்ணீர் இல்லை என்று அவருக்கே தெரியும். திரும்ப முயற்சி செய்வார். மறுபடியும் அதே ஓசை. பிறகு கண்ணை மூடிக்கொள்வார். மற்றவர்கள் சொல்வதெல்லாம் புரிந்தது. அதுதான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. முப்பத்து மூன்று வருடம் ல, ள, ழ சொல்லிக்கொடுத்த நாக்கு.

நான் சொன்ன அந்த வாக்கியத்தை ஆண்டவர் கேட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். குரல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாயே, இதோ பார் என்று. இப்படி நினைப்பது தவறான இறையியல் என்று எனக்குத் தெரியும். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் இப்படிக் கேட்டால் கடவுள் அப்படிப்பட்டவர் அல்ல என்று நானே விளக்கியிருக்கிறேன். தெரிந்ததும் நினைத்ததும் அந்த நாட்களில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் கிடந்தன.

பெரிய வியாழனன்று மதியம் ஒரு கன்னியாஸ்திரி வார்டுக்கு நற்கருணை கொண்டுவந்தார். கட்டில் பக்கத்தில் நின்று பரலோக மந்திரத்தைத் தொடங்கினார். நானும் மகளும் சேர்ந்துகொண்டோம். இரண்டாவது வரியில் நான்காவதாக ஒரு குரல் கேட்டது. அவருடையது. கரகரப்பாக, மெதுவாக, ஆனால் ஒவ்வொரு சொல்லும் அதனதன் இடத்தில். தண்ணீர் என்று சொல்ல முடியாத மனிதர் பரலோக மந்திரத்தைக் கடைசி ஆமென் வரை சொல்லி முடித்தார். மகள் அழுதாள்.

நான் அழவில்லை. நடுவில் ஒரு வரி வருகிறதே, பிறரை நாங்கள் மன்னிப்பதுபோல் எங்களையும் மன்னியும் என்று கேட்கிற வரி, அங்கே என் வாய் நின்றுவிட்டது. அவர் சொல்கிறார், நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். அன்றிலிருந்து பல மாதம் அந்த வரி வந்தால் நான் உதட்டைக்கூட அசைக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு விஷயம் பங்கு முழுக்கப் பரவிவிட்டது. எங்கள் தெருப் பக்கத்துச் செபக் குழுவான அன்பியத்துப் பெண்கள் செபமாலை சொல்ல வந்தார்கள். அருள் நிறை மந்திரத்தையும் அவர் தடங்கலில்லாமல் சொன்னார். செபமாலையின் ஐம்பது மணியும் சொன்னார். முடிந்ததும் "காப்பி குடிக்கிறீங்களா சார்?" என்று ஒருவர் கேட்டதற்கு, பழைய ஓசைதான் வந்தது. "புதுமைங்க. மனுஷப் பேச்சை எடுத்துக்கிட்டு செபத்தை மட்டும் விட்டுவச்சிருக்கார்" என்றார் ஒரு அம்மா. பங்குத் திருவிழாவில் அவரைப் பீடத்தருகே உட்கார வைத்துச் செபம் சொல்ல வைக்கலாம், சாட்சியாக இருக்கும் என்று இன்னொருவர் சொன்னார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் எழுந்து விளக்கைப் போட்டேன். "அதெல்லாம் வேண்டாங்க" என்றேன். என் குரல் கடுமையாக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அடையாறில் பேச்சுப் பயிற்சிக்கு வாரம் மூன்று நாள் போனோம். பயிற்சி கொடுத்தது முப்பது வயதுப் பெண். தி. நகரில் அப்பாவுக்குப் பாத்திரக் கடை என்றும், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம் என்றும் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். நெற்றியில் சின்னதாகத் திருநீற்றுக் கீற்று எப்போதும் இருக்கும். பொறுமைசாலி. படங்கள் ஒட்டிய ஒரு நோட்டைக் கொடுத்து, சொல்ல வராததைக் காட்டச் சொல்லியிருந்தார்: கை, கால், தண்ணீர், கட்டில், கடிகாரம், சூரியன், வாய்.

செபத்தைப் பற்றி அவரிடம் கேட்டேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"நிறையப் பேருக்கு அப்படி இருக்கும் மேடம். ஸ்லோகம், பாட்டு, கெட்ட வார்த்தைகூட வரும். சின்ன வயசிலிருந்து சொல்லிச் சொல்லிப் பழகினது மூளையில வேற இடத்துல இருக்கு. அந்த இடம் இவருக்குப் பழுதாகலை."

"அப்போ அவர் மனசுலேர்ந்து சொல்றதில்லையா? மெஷின் மாதிரி வருதா?"

அவர் நோட்டை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மனசுலேர்ந்து வருதான்னு பாக்கற டெஸ்ட் எங்ககிட்ட இல்லை மேடம். அந்த ரோடு திறந்திருக்கு. அதுல அவர் போறாரா, சும்மா வண்டி ஓடுதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு அது பயத்தைத் தந்தது. தினமும் மாலை ஆறரைக்கு அவர் மன்னிப்பைப் பற்றிய அந்த வரியைச் சொல்கிறார். என்னை மன்னித்துத்தான் சொல்கிறாரா, அல்லது நாக்கு பழக்கத்தில் ஓடுகிறதா? மன்னிக்க என்ன இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியுமா? நான் இடது கையைக் கவனித்துவிட்டுத்தான் போனேன் என்று அவரிடம் நான் சொல்லவே இல்லையே.

கோயிலுக்கு அவரை அழைத்துப் போவதை நிறுத்தவில்லை. கைத்தடி, என் தோள், மெதுவான நடை. திவ்விய நற்கருணை நேரத்தில் குருவானவர் எங்கள் பெஞ்சுக்கே வந்து அவருக்குக் கொடுப்பார். என் பக்கம் திரும்பினால் நான் நன்மை வேண்டாம் என்று கையைக் குவித்துத் தலையை ஆட்டிவிடுவேன். நான் உள்ளுக்குள் செபிப்பதும் நின்றுபோயிருந்தது. கோபமா, அவநம்பிக்கையா என்று கேட்டால், இரண்டும் இல்லை. தப்பு செய்துவிட்டு வகுப்பு வாசலில் நிற்கிற பிள்ளை உள்ளே வராது பாருங்கள், அந்த மாதிரி. வெளியே போகவும் மனம் வராது.

உண்மையை நான் முதலில் சொன்னது குருவானவரிடம் அல்ல, மீன்கார அம்மாவிடம். ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை. அவர் வாசலில் உட்கார்ந்து சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு நீங்க வரலைன்னா இவர் இல்லை" என்று வழக்கம்போலச் சொல்ல ஆரம்பித்தவள், ஏனோ மேலே போய்விட்டேன். காப்பி, இடது கை, சரி பேசாதீங்க என்றது, எல்லாம்.

அவர் கத்தியை நிறுத்தவில்லை. "இன்னாம்மா நீ. நானே அன்னிக்கு போயிருப்பேன். தட்டிக்கினே கீறேன், யாரும் வரல. வெயிலு மண்டைய பொளக்குது. சரி, நாளைக்குப் பாத்துக்கலாம்னு கூடைய தூக்கிட்டேன். அப்பால பாத்தா, சாரோட செருப்பு வெளிய கீது. ஆளு எங்கியும் போவலையேன்னு தோணிச்சு. அதுக்கோசரம் தள்ளிப் பாத்தேன். செருப்பு மட்டும் உள்ள இருந்துச்சுன்னா நான் போய்க்கினே இருந்திருப்பேன்."

"உங்களுக்கு அது தோணிச்சே."

"ஒனக்கு தோணல. அவ்ளோதான். எனக்கு மட்டும் எல்லா நாளும் தோணுதா? எங்க வூட்டுக்காரரு கடலுக்குப் போன அன்னிக்கு நெஞ்சு வலிக்குதுன்னாரு. வாய்வுன்னு சொல்லி பூண்டு குடுத்து அனுப்பினேன்."

அவர் புருஷன் உயிரோடு இல்லை என்பது எனக்கு முன்பே தெரியும். எப்படி என்பதுதான் அன்று தெரிந்தது. மீனைக் கழுவிக் கொடுத்துவிட்டு, கையைத் தண்ணீரில் அலம்பிக்கொண்டு, ஆட்டோ பிடிக்கப் போய்விட்டார். அருளைப் பற்றி நான் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், தியானக் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். வாசலில் கிடந்த செருப்பைப் பற்றி ஒருவரும் சொன்னதில்லை.

அடுத்த வாரம் ஒரு மாலையில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எங்கள் பங்குத்தந்தை வயதில் என்னைவிடச் சின்னவர். வேகமாகப் பேசுவார், வேகமாக நடப்பார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யையும் சொன்னேன். ஆண்டவர் என் வாக்கியத்துக்காக அவருடைய குரலை எடுத்தார் என்று நான் நினைப்பதையும் சொன்னேன்.

"அதை நீங்களே நம்பலை. நம்பினா இங்க வந்திருக்க மாட்டீங்க. அப்படிப்பட்ட கடவுள்கிட்ட யாராவது தானா வருவாங்களா?" என்றார். "பாவமன்னிப்பு தரேன். ஆனா டீச்சர், இதை என்கிட்ட மட்டும் சொல்லி முடிக்க முடியாது. சாருக்குப் பேச்சுதானே இல்லை? காது கேக்குதுல்ல?"

"கேக்குது ஃபாதர்."

"அப்போ அவர்கிட்டயும் சொல்லுங்க. அதுதான் உங்களுக்குப் பிராயச்சித்தம்."

மூன்று செபம் சொல், ஐந்து செபம் சொல் என்றுதான் அதுவரை எனக்குப் பிராயச்சித்தம் கிடைத்திருக்கிறது. இதைச் செய்ய எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, அவருக்கு இட்லியைப் பிட்டுத் தட்டில் வைத்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன். எதிரே உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "அன்னிக்குக் காலைல நீங்க இடது கையால டம்ளரை வாங்கினதை நான் பாத்தேன். ஏதோ சரியில்லைன்னு ஒரு நொடி தோணிச்சு. கோவத்துல நிக்காம போயிட்டேன். டாக்டர்கிட்ட நல்லா இருந்தார்னு பொய் சொன்னேன்."

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். பிறகு தலையை வேகமாக ஆட்டினார், இல்லை என்பதுபோல. ஏதோ சொல்ல முயன்றார். ஓசைகள் வந்தன. மேசையைத் தட்டினார். நான் பயந்துபோனேன், கோபப்படுகிறார் என்று. படநோட்டைக் கொண்டுவந்து வைத்தேன். இடது கை விரலால் கை படத்தைத் தொட்டார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டார். பிறகு வாய் படம்.

"கை வரலை, பேச முடியலை. அதானே?"

இல்லை என்று தலையாட்டினார். அன்றைக்கு அவ்வளவுதான் முடிந்தது. களைத்துப்போய்ப் படுத்துவிட்டார். நான் இட்லித் தட்டைக் கழுவினேன்.

மறுநாள் மறுபடியும் அவரே நோட்டைக் கேட்டு வாங்கினார். கடிகாரப் படம். அதில் முள் எங்கே என்று விரலால் காட்டினார்: ஐந்து. சூரியன் படத்தைத் தொட்டு, இல்லை என்று கையசைத்தார். கட்டில் படத்தைத் தொட்டார். கை. அப்புறம் என்னைக் காட்டி, கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் காட்டினார். எனக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை.

மூன்றாம் நாள் அவருக்கு இரண்டு சொல் வந்தது. பயிற்சியில் கஷ்டப்பட்டுச் சேர்த்திருந்த பத்துப் பன்னிரண்டு சொற்களில் அவையும் உண்டு. தன் நெஞ்சில் தட்டிக்கொண்டு, "நான்" என்றார். ரொம்ப நேரம் கழித்து, "சொல்லல" என்றார்.

அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. அன்று விடியற்காலை ஐந்து மணிக்கே அவருக்கு விழிப்பு வந்திருக்கிறது. கை மரத்துப்போயிருந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்போது பேச்சு இருந்தது. நான் பக்கத்தில்தான் தூங்கிக்கொண்டிருந்தேன். என்னை எழுப்பவில்லை. கோபத்தில் பேசாமல் இருப்பது என்று முடிவெடுத்திருந்தார். அந்த முடிவிலேயே இருந்துவிட்டார். எழுந்து போய் நாற்காலியில் உட்கார்ந்து, கை சரியாகிவிடும் என்று காத்திருந்திருக்கிறார். நான் காப்பியோடு வந்தபோது பேச நினைத்திருக்கிறார். அப்போது பேச்சு போய்விட்டிருந்தது.

"அஞ்சு மணிக்கே உங்களுக்குத் தெரியும். கோவத்துல என்கிட்ட சொல்லலை."

ஆமாம் என்று தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்து வாயோரம் போயிற்று. நான்கு மாதமாக இந்த மனிதரும் இதை வைத்துக்கொண்டுதான் என் கையால் சாப்பிட்டிருக்கிறார். நான் சொல்லாமல் மறைத்ததற்குக் காரணம் என்னிடம் இருந்தது. அவரிடம் வார்த்தையே இருக்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரத்தில் சிரிப்பு வரலாமா என்று தெரியவில்லை, வந்துவிட்டது. அவர் முதலில் திகைத்தார். பிறகு அவருக்கும் வந்தது. ஒரு பக்க வாய் மட்டும் மேலே ஏறுகிற சிரிப்பு. மன்னித்தேன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. புடவை முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டு, குழம்பை இறக்கப் போனேன். அடிப்பிடித்திருந்தது.

அன்று மாலை செபம் சொல்லும்போது அந்த வரியை நானும் சொன்னேன். பெரிய ஆறுதல் என்று சொல்ல மாட்டேன். நெடுநாள் பூட்டிவைத்த அலமாரியைத் திறந்தால் உள்ளே பழைய துணிதானே இருக்கும். ஆனால் திறந்துவிட்டது. அவருக்கு அந்த வரி மனதிலிருந்து வருகிறதா, பழக்கத்திலிருந்து வருகிறதா என்ற கேள்வியையும் விட்டுவிட்டேன். எனக்கே பல நாள் அது பழக்கத்தில்தான் வருகிறது.

இது நடந்து இப்போது இரண்டு வருடம் தாண்டிவிட்டது. அவர் கை அப்படியேதான் இருக்கிறது. நாற்பது சொற்கள் வரை சேர்ந்திருக்கின்றன. என் பெயர் அவற்றில் ஒன்று. கடைசி எழுத்து வராது. பாஸ்கா இரவு வாசகத்தை இப்போது ஒரு கல்லூரி மாணவி படிக்கிறாள். நன்றாகவே படிக்கிறாள், கொஞ்சம் அவசரம். அவள் படிக்கும்போது இவர் உதடு கூடவே அசையும். முதல் வருடம் அதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இந்த வருடம் பார்த்தேன். அக்கா இப்போது ஒவ்வொரு ஈஸ்டருக்கும் திருச்சியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறாள்.

சில நாட்களில் அவருக்கு எல்லாம் வெறுத்துப்போகும். நோட்டைத் தூக்கி எறிவார். சில நாட்களில் எனக்கு வெறுத்துப்போகும். மொட்டைமாடிக்குப் போய்த் துணி காயப்போடுகிற சாக்கில் அரைமணி நேரம் நின்றுவிட்டு வருவேன். மாமி ஒருதடவை பார்த்துவிட்டு, "என்னடிம்மா, ரெண்டு துணிக்கு இவ்வளவு நாழியா நின்னுண்டிருக்கே? எங்காத்துக்கு வந்து ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போ" என்றார். விசுவாசம் என்பது எனக்கு இப்போது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. ஒரு கை என்னைப் பிடித்து உட்கார வைக்கிறது. அது யார் கை என்று நான் அப்புறம் யோசித்துக்கொள்கிறேன்.

சென்ற மாதம் குருவானவர் போன் செய்தார். நந்தனத்தில் எங்கள் பங்கைச் சேர்ந்த ஒருவருக்குப் பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறார்கள், அரசு அலுவலகத்தில் வேலை, ஐம்பது வயதுகூட ஆகவில்லை, பேச்சு போய்விட்டது, யாரையும் பார்க்க மாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார் என்றார். "நீங்க ரெண்டு பேரும் ஒருதடவை போய்ப் பாருங்களேன் டீச்சர்."

நான் என் கணவரிடம் கேட்டேன். "போலாமா?" அவர் ஏற்கெனவே கைத்தடியைத் தேட ஆரம்பித்திருந்தார்.

இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. படியேற எங்களுக்கு இருபது நிமிடம் ஆயிற்று. அந்த மனிதர் சுவர்ப் பக்கம்தான் திரும்பிப் படுத்திருந்தார். என் கணவர் ஒன்றும் சொல்லாமல் கட்டிலோரம் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அந்த மூச்சுச் சத்தத்துக்கோ என்னவோ அவர் திரும்பிப் பார்த்தார். கோயிலில் வாசகம் படித்தவரை அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். ஏதோ கேட்க வாயைத் திறந்தார். ஓசைதான் வந்தது. வெட்கத்தில் முகம் சுருங்கியது.

என் கணவரும் பதிலுக்கு ஏதோ சொன்னார். அதிலும் பாதி ஓசைதான். பிறகு இடது கையை நீட்டி ஒரு விரலைக் காட்டினார். "ஒண்ணு" என்றார். எண்களும் செபம் மாதிரி எங்கோ பத்திரமாக இருக்கும், வரிசையில் தொடங்கினால் தானாக வரும் என்று அவருக்குப் பயிற்சியில் தெரிந்திருந்தது. அந்த மனிதர் புரியாமல் பார்த்தார். மறுபடியும், "ஒண்ணு."

நானும் அந்த வீட்டுப் பெண்ணும் அடுப்படிக்குப் போனோம். அவள் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். தூங்கிப் பல நாள் ஆன முகம். "உங்களைப் பத்தி ஃபாதர் சொன்னார் அக்கா. இவ்ளோ கஷ்டத்துலயும் உங்க விசுவாசம் தளரவே இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. எப்படி?"

"தளர்ந்துச்சும்மா. நாலு மாசம் நான் நன்மைகூட வாங்கலை" என்றேன்.

அவள் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அங்கிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அக்காவின் போனிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். இடது கையையும் பொய்யையும் விடவில்லை. தண்ணீர் கொதித்து வற்றி, அவள் மறுபடியும் ஊற்றி வைத்தாள்.

நான் சொல்லி முடித்தபோது உள்ளே இரண்டு குரல்கள் கேட்டன. ஒன்று முன்னால் போயிற்று, இன்னொன்று தட்டுத் தடுமாறிப் பின்னால் வந்தது. ஏழில் நின்றுவிட்டு, திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினார்கள்.